மரத்துக்காகப் பேசியவள்

எதைப் பார்த்தாலும் அதில் ஒரு பாடம் தேடுவது எனக்கு வியாதி மாதிரி. ஜவ்வாது மலையில் எங்கள் ஜெபவீட்டுக்கு ஞாயிறு தவறாமல் வருவது கொஞ்சம் குடும்பங்கள்தான். அவர்கள் முன்னால் நின்று பேசுவது என் வேலை. சாமைக் கதிர் தலை சாய்ந்தால் தாழ்மை என்பேன். தேனீ கூடு கட்டினால் ஒற்றுமை என்பேன். என் மனைவி சிரிப்பாள்.

"உங்களுக்குத் தேளு கொட்டினாகூட, அதுல மூணு பாயிண்ட் எடுத்துட்டுத்தான் கத்துவீங்க."

ஜெபவீட்டை ஒட்டித்தான் எங்கள் வீடு. பின்னால் ஒரு பலாமரம். நாங்கள் ஆலங்காயத்திலிருந்து மலைக்குக் குடிவந்த வருஷம், பழம் தின்றுவிட்டு அவள் புதைத்த கொட்டை அது. கூரையைத் தாண்டி வளர்ந்ததே தவிர ஒரு பிஞ்சு வைக்கவில்லை. சுற்றிலும் மற்ற மரங்களில் அடிமரத்திலேயே காய் தொங்கும்போது, இது மட்டும் இலையைத் தள்ளிக்கொண்டு வெட்டியாக நின்றது. நான் அதைத் திட்டாத நாளில்லை. அவள் மரத்தை விட்டுக்கொடுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

ஒரு தை மாதம், பக்கத்து நிலத்தில் சாமை விதைக்கிற அம்மாள் கோடாலியோடு வந்தார். காய்க்காத மரத்தை மிரட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். ஒருவர் வெட்டப்போவதாகக் கோடாலியை ஓங்க வேண்டும். இன்னொருவர் மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். மரம் பயந்துபோய் அடுத்த வருஷம் காய்த்துவிடுமாம். நாங்கள் வேதக்காரர்கள், இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி மரத்தை ஒட்டிப் போய் நின்றுவிட்டாள்.

அந்த அம்மாள் குரலை உயர்த்தினார். "இன்னா மரம் நீ? எத்தினி வருசமா சும்மா நிக்கிற? இன்னிக்கி உன்ன வெட்டிப் போட்டுட்டுத்தான் போவேன்." பட்டையில் லேசாக ஒரு கொத்து விழுந்தது.

"வெட்டாதீங்கக்கா," என்றாள் என் மனைவி. சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். "இந்த ஒரு வருசம் வுட்டுடுங்க. நான் தண்ணி ஊத்துறேன், எரு போடுறேன். கண்டிப்பா காய்க்கும்." முடிக்கும்போது முகத்தில் சிரிப்பைக் காணோம். நிஜமாகவே கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புல்லரித்தது. இயேசு சொன்ன அத்திமரக் கதை என் கொல்லையிலேயே நடக்கிறதே! கனி கொடுக்காத மரத்தை வெட்டிப்போடு என்கிறார் எஜமான். இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள் என்று மன்றாடுகிறான் தோட்டக்காரன். அடுத்த ஞாயிறு அதைத்தான் பேசினேன். எஜமானின் பொறுமை, மரத்தின் கடமை என்று வெளுத்து வாங்கினேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

மத்தியானம் சோறு போடும்போது அவள் கேட்டாள். "தோட்டக்காரனப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே நீங்க. அந்த ஒரு வருசம் அவன் எப்பிடித் தூங்கியிருப்பான்?"

"கதையில அது இல்ல," என்றேன். ரசத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சித்திரையில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. சூடு என்று நினைத்து மோரும் வெந்தயமும் கொடுத்துக்கொண்டிருந்தோம். பஸ் பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது புற்றுநோய் முற்றிவிட்டிருந்தது. கல்லீரல் வரை பரவிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து நான் ஜெபம் என்று செய்ததெல்லாம் ஒன்றுதான். இந்த ஒரு வருஷம் விட்டுவிடும் ஆண்டவரே, நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் மரத்துக்காகச் சொன்ன அதே வார்த்தைகள். எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. அவளோ வலிக்கு நடுவில், மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேனா என்று கேட்பாள். ஊற்றினேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு போய் ஊற்றுவேன்.

ஐப்பசி மழையில் போய்விட்டாள். நான் கேட்டது ஒரே ஒரு வருஷம். அதுகூட இல்லை.

தை பிறந்தது. கொல்லைக்கே போகாமல் இருந்தவன், எதற்கோ ஒருநாள் போனேன். பழைய கோடாலிக் கொத்துக்குப் பக்கத்திலேயே மரம் பிஞ்சு வைத்திருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வயிறு எரிந்தது. அவளுக்குக் கொடுக்காத வருஷத்தைப் போயும் போயும் ஒரு மரத்துக்குக் கொடுத்திருக்கிறாரே! கோடாலியை எடுத்துவந்து வெட்டினேன். இரண்டு மூன்று வெட்டு ஆழமாகவே விழுந்தது. பால் வழிந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து நிலத்து அம்மாள் ஓடிவந்து மரத்தை மறைத்துக்கொண்டார். "இன்னா சார் பண்றீங்க? அம்மா கெஞ்சி வாங்கின மரம் சார் இது."

"அவ கேட்டா மரத்த விட்டுட்டீங்க. அவளுக்காக நான் கேட்டேனே, யார் விட்டாங்க?" என்று கத்தினேன். ஆண்டவரிடம் கத்த வேண்டியதை அந்த அம்மாளிடம் கத்தினேன்.

அவர் என் கையிலிருந்து கோடாலியை வாங்கி வேலியோரம் போட்டார். வெட்டுப் பட்ட இடத்தில் சாணியைக் குழைத்து அப்பினார். அப்பிக்கொண்டே அழுதார்.

ஆனியில் முதல் பழத்தை அறுத்து ஜெபவீட்டில் கொடுத்தேன். எல்லோரும் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள். என்னிடம் ஒரு பாயிண்ட்கூட இல்லை. சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு சுளையை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தேன். நல்ல இனிப்பு.

அன்றைக்குச் சோறு போடும்போது தோட்டக்காரனைப் பற்றிக் கேட்டாயே, இப்போது சொல்கிறேன். தூங்கலம்மா அவன். ஒருநாள்கூடத் தூங்கல.