கீழ்வீட்டுக்குக் கேட்ட மணி

போன வருடம் வெள்ளவத்தையில் ஒரு ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் ‘இன்ட்ரூட்’ என்ற வினைச்சொல் வந்தது. வேண்டாத இடத்துக்குள் நுழைவது என்றார் டீச்சர். ஆள்தான் நுழைய வேண்டுமென்றில்லை, சத்தம்கூட அடுத்தவரின் நிம்மதிக்குள் இன்ட்ரூட் பண்ணும் என்று உதாரணமும் சொன்னார். எனக்கு உடனே எங்கள் வீட்டு மணிதான் ஞாபகம் வந்தது.

பொழுதுபடும் நேரம் அப்பா சாமிக்கு விளக்கேற்றி மணி அடிப்பார். சும்மா அடியில்லை, பிளாட்டே அதிரும். நேர் கீழே ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அம்மாவை அன்றைக்குப் படியில் கண்டதும், படித்த சூட்டோடு, “ஐ ஹோப் அவர் பெல் டஸன்ட் இன்ட்ரூட் ஆன் யூ” என்று எடுத்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, “அதெல்லாம் ஒண்டுமில்ல மகள்” என்று போய்விட்டார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து, அப்பாவை மெதுவாக அடிக்கச் சொன்னேன்.

“அப்ப சாமிக்கு மெசேஜ் போடட்டே?” என்றவர், அடுத்த நாள் இன்னும் பலமாக அடித்தார்.

அடுத்த கிழமை நான் வகுப்பில் இருக்கும்போது எங்கள் பிளாட் வாட்ச்சர் போன் பண்ணினார். அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து தலையில் அடியாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம். த்ரீவீலில் பறந்து போனேன். நிறைய ரத்தம் போயிருக்கிறது, கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் தப்பியிருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

நடந்ததை வாட்ச்சர்தான் சொன்னார். கீழ்வீட்டு அம்மா மேலே வந்து கதவைத் தட்டியிருக்கிறார். பதிலில்லை. அடுத்தவர் வீட்டுப் பூட்டை உடைக்க வாட்ச்சர் தயங்க, சிங்களத்தில் அவரை ஏசி, பொறுப்பு தன்னுடையது என்று உடைக்க வைத்திருக்கிறார். அப்பா எதிரில் வந்தாலே முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்குகிறவர், நேரே பாத்ரூமுக்குள் போய், தன் தொழுகைச் சால்வையை அவர்மேல் போர்த்தி, காயத்தைக் கையால் அமுக்கிப் பிடித்தபடியே ஆஸ்பத்திரி வரை வந்திருக்கிறார்.

எப்படித் தெரிந்தது என்று அந்த அம்மாவிடமே கேட்டேன்.

“உங்கட மணி கேட்டாத்தான் மகள், நான் தொழுகைக்குக் கைகால் கழுவ எழும்புறது. எத்தன வருஷமா அப்பிடித்தான். இண்டைக்குப் பள்ளியில பாங்கும் சொல்லிட்டாங்க, மணியக் காணல்ல. மனசு ஒரு மாதிரிப் போயிட்டு. கேக்காம உங்கட வீட்டுக்குள்ள வந்துட்டேன், குறை நினைக்காதீங்க.”

தொந்தரவு என்று நான் நினைத்து வெட்கப்பட்ட சத்தத்தை, இவர் இத்தனை வருடமும் தன் தொழுகைக்கு அழைப்பாக வைத்திருந்திருக்கிறார்.

அப்பா சுகமாகிவிட்டார். இங்கிலிஷ் எனக்கு இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. ஆனால், அக்கம்பக்கத்தில் வழக்கமாகக் கேட்கிற ஒரு சத்தம் ஒருநாள் கேட்காவிட்டால், போய்க் கதவைத் தட்டாமல் இருக்க இப்போதெல்லாம் என்னால் ஏலாது. குறை நினைக்கிறவர்கள் நினைக்கட்டும்.