சிவனொளிபாத மலையில் ஓயாத மணி

கடந்த மாசி மாதம் ஒரு விடியற்காலையில், சிவனொளிபாத மலையின் உச்சியில் என் மனைவி பூமணியைத் தவறவிட்டேன். கைத்தொலைபேசியை நாங்கள் வந்த வான் வண்டியிலே வைத்துவிட்டு வந்தவள். அவளுடைய நீரிழிவுக் குளிசைகள் என் பையில் இருந்தன.

நாங்கள் புங்குடுதீவு, மடத்துவெளி. ஏறிப் பழக எங்கள் தீவில் ஒரு மேடும் இல்லை. ஆனாலும் சிவனின் பாதம் பதிந்த இடத்தைக் கண்ணை மூடுமுன் காணவேண்டும் என்று ஊராரோடு போனோம்.

உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனை தரம் மலை ஏறினோமோ அத்தனை தரம் அடிப்பது அங்கு வழக்கம். நாங்கள் ஆளுக்கொரு தரம் அடித்தோம். பின்னால் வந்த சிங்கள முதியவர் அடித்துக்கொண்டே நின்றார்.

"பதினேழு," என்றேன்.

"ஆர் அடிக்கிற மணியெண்டாலும் எண்ணாமல் விடமாட்டியள்," என்று பூமணி சிரித்தாள். "கோயில் வாசலிலை இருத்தினால் செருப்பையும் எண்ணுவியள்."

பாதத்தை வணங்கி வெளியே வந்தபோது மூடுபனி இறங்கியது. சனம் நெருக்கியது. திரும்பிப் பார்த்தேன், அவள் இல்லை. வந்த வழியால்தான் இறங்கியிருப்பாள் என்று நானும் இறங்கினேன். கேட்ட எவரும் அவளைக் காணவில்லை. மற்றப் பக்கத்தால் இரத்தினபுரிக்கும் படி இறங்குகிறது என்று ஒருவர் சொன்னார்.

படியிலேயே உட்கார்ந்து, எங்கள் அயல்தீவான நயினாதீவின் அம்மனை, அந்த அம்மாளாச்சியைக் கூப்பிட்டேன். எதைக் கேட்டாலும், நான் பிடித்த வெள்ளி விரதங்களின் கணக்கைச் சொல்லித்தான் கேட்பேன். அன்று அந்தக் கணக்கு நினைவுக்கு வரவில்லை. "அம்மாளாச்சி, அவளைத் தா" என்பது மட்டுமே வந்தது.

அப்போது மேலே மணி கேட்டது. வாய் தானாக எண்ணியது. பதினேழைத் தாண்டியது. முப்பதைத் தாண்டியது. நாற்பதிலும் நிற்கவில்லை. இத்தனை தரம் மலை ஏறியவர் யார்? அடிக்கு அடி இடைவெளி நீண்டுகொண்டு போனது. களைத்த கை அது. எனக்கு விளங்கிவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

பூமணி மணிக்கயிற்றைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டு நின்றாள். சுற்றி நின்றவர்கள் அவளைப் பெரிய அடியவர் என்று எண்ணிக் கும்பிட்டார்கள்.

"எங்கையப்பா போனனீர்?" என்று கேட்டேன்.

"வாடைக்காத்து முகத்திலை அடிச்சால் வடக்கு, எங்கடை பக்கம் எண்டு அதைப் பாத்து இறங்கினனான். ஊரிலை அப்பிடித்தானே. இஞ்சை காத்தும் சுழண்டடிக்குது. படி வேறையாக் கிடந்துது, திரும்பி ஏறினனான்."

"மணியை ஏன் உப்பிடி அடிச்சனீர்?"

"கத்திக் கூப்பிட ஏலாது. எங்கை நிண்டாலும் நீங்கள் எண்ணுவியள் எண்டு தெரியும். கணக்குப் பிழைச்சால் பாக்க வருவியள்."

பையைத் திறந்தேன். குளிசையை எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டில் எல்லாரும் அலுத்துக்கொள்ளும் என் குணத்தைக் கொண்டே அம்மாளாச்சி எங்களைச் சேர்த்துவைத்தாள். இப்போதும் எண்ணுகிறேன். நயினாதீவுப் படகில் ஆட்களையும், அவர்களுக்கு உள்ள மிதவை அங்கிகளையும் எண்ணி, குறைந்தால் சண்டை பிடிக்கிறேன். ஆனால் அம்மாளாச்சி முன்னால் விரதக் கணக்கு வைப்பதில்லை.

அடியார்களே, உங்களுக்கும் ஒரு நாள் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகலாம். அப்படியே கூப்பிடுங்கள். கூப்பிட்டபின் காது கொடுத்து இருங்கள். உங்களுக்கு விளங்கும் சத்தத்திலேயே பதில் வரும்.