மூன்றாவது இறகு

எங்கள் கட்சி இரண்டாக உடைந்தபோது, இரண்டு அணியிலும் பொறுப்பில் இருந்த ஒரே ஆள் நான்தான். வயது பத்து. பொறுப்பு, கேலிச்சித்திரம் வரைவது.

உடைந்ததற்குக் காரணம் போர். கடலுக்கு அந்தப் பக்கம் நம் சனங்களின் தலையில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. டெல்லிக் கூட்டணியில் இருந்துகொண்டே பொறுமையாகப் பேசி நிறுத்துவோம் என்றது தலைமை. பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வா என்றது இன்னொரு கூட்டம். எங்கள் ஊரில் முதல் அணிக்கு அப்பா, இரண்டாவது அணிக்கு அம்மாவின் தம்பியான மாமா. ஓமலூர்ப் பக்கத்துச் சின்ன ஊர். அணிக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடு, ஓவியனுக்கு எங்கே போவது? அப்பாவின் லாரிப் பட்டறையில் பெயின்டரைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன் நான். அதனால் யாரை வரைந்தாலும், லாரியில் நாக்கைத் துருத்திக்கொண்டிருக்கும் திருஷ்டிப் பூதத்தின் சாயல் வந்துவிடும். பள்ளியில் நான் வரைந்த சரஸ்வதியைப் பார்த்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். அரசியலுக்கு இந்தத் திறமை போதும் என்று இருவருமே முடிவு செய்தார்கள்.

போர்க்களம், பேருந்து நிறுத்தத்தை ஒட்டியிருந்த கட்சிப் படிப்பகத்தின் கரும்பலகை. ஒருநாள் மாமா முறை, மறுநாள் அப்பா முறை. மாமாவுக்காக, கடலில் மூழ்கும்போதும் நாற்காலியைக் கட்டிப்பிடித்திருக்கும் அப்பாவை வரைவேன். கூலி, முட்டை பரோட்டா. அப்பாவுக்காக, குப்பைமேட்டில் ஏறி நின்று கடலைப் பார்த்து வீரமாகக் கூவும் சேவலாக மாமாவை வரைவேன். கூலி, அதே கடையில் அதே பரோட்டா. கொள்கை மாறினாலும் சால்னா மாறவில்லை. ஊரே நின்று பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் பஸ் ஏறும்.

அந்தப் பலகைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஊருக்கு வெளியே இருந்த அகதி முகாம்காரர்களில் பலர், படிப்பகத்துத் தொலைபேசி எண்ணைத்தான் உறவினர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அழைப்பு வந்தால், எடுத்தவர் பலகையின் கீழ்மூலையில் விவரம் எழுதிக் கட்டம் போட்டுவிடுவார். யாருக்கு வந்த செய்தியோ அவரே வந்து படித்து, தன் கையால் அழிக்க வேண்டும். மற்றவர் தொடக்கூடாது. தேர்தல் நேரத்தில்கூடக் கட்டத்தை விட்டுத்தான் சின்னம் வரைவார்கள்.

ஒருநாள் காலை ஓர் அழைப்பு வந்தது. முகாமில் தையல் வேலை செய்யும் ஓர் அக்காவின் தம்பி, ஐந்து மாதமாக இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதவன், உயிரோடு இருக்கிறானாம். ஓர் எண்ணைச் சொன்னார்களாம். சாயங்காலம் ஆறு மணிவரை அந்த எண்ணில் கிடைப்பான், அப்புறம் எங்கே கொண்டுபோவார்களோ தெரியாது. அழைப்பை எடுத்த மாமா எண்ணை எழுதிக் கட்டம் போட்டு, பால்காரர் மூலம் முகாமுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, போஸ்டர் வாங்கச் சேலம் போய்விட்டார்.

மத்தியானம் நான் சேவலோடு வந்தேன். அன்று அப்பா முறை. சேவல் பலகை நிறைய இருக்க வேண்டும் என்பது உத்தரவு. வாலில் இரண்டு இறகு வரைந்தாயிற்று. மூன்றாவது இறகு கட்டத்தில் இடித்தது. இரண்டோடு விட்டால் பெட்டைக்கோழி மாதிரி தெரியுமே என்று கலைஞனுக்குக் கவலை. வழக்கம் தெரியாதவன் இல்லை நான். விரலில் எச்சிலைத் தொட்டு, எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் அழித்தேன். மிச்சத்தை விட்டுவைத்தது என் பெருந்தன்மை.

பால்காரர் சாயங்காலப் பாலுக்குப் போனபோதுதான் சொன்னாராம், நாலரை மணிக்கு அக்கா ஓடி வந்தார். சேலையில் தையல் நூல் ஒட்டியிருந்தது.

"தம்பி, கடைசி மூண்டு இலக்கமும் எங்க?"

"அங்க வாலு வந்துருச்சுங்க்கா."

ஐந்து மணிக்கு மாமா பஸ்ஸிலிருந்து இறங்கினார். பட்டறையிலிருந்து அப்பாவும் வந்து சேர்ந்தார். முழுதாக ஒரு மணி நேரம் இருந்தது. மாமா கண்ணை மூடி, "மொதல்ல நாலு… இல்ல, ஏழு…" என்று யோசிக்க ஆரம்பித்தார். கண்ணைத் திறந்தபோது பலகையில் தன் தலைக்கொண்டையைப் பார்த்துவிட்டார்.

"ஒரு தமிழச்சிக்கு வந்த சேதிய அழிச்சுப்போட்டீங்களே மச்சான்! இதானுங்க உங்க அணி!"

"காயிதத்துல எழுதி வெக்கத் துப்பில்ல, போர நிறுத்தப் போறானாமா! போ மாப்ளே, போய்க் கூவு!"

"மொதல்ல நாற்காலிய உட்டு எந்திரிச்சுட்டுப் பேசுங்க!"

"அண்ணை, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ, நாலோ ஏழோ?" என்று அக்கா இரண்டு முறை கேட்டார். பிறகு உள்ளே போய்த் தானாகவே எண்களை மாற்றி மாற்றிச் சுழற்ற ஆரம்பித்தார். யார் யாரோ எடுத்தார்கள். வாசலில் இரண்டு அணியும் போட்ட கூச்சலில் எதுவும் கேட்காமல், மறு காதைப் பொத்திக்கொண்டு நின்றார். ஆறு மணி ஆனபோது மாமாவின் சட்டையில் இரண்டு பொத்தான்களைக் காணோம், அப்பாவின் ஒற்றைச் செருப்பைக் காணோம். இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான். போரை நிறுத்தப் புறப்பட்ட இரண்டு பேரால் ஒரு மணி நேரம் வாயை நிறுத்த முடியவில்லை. அந்த விரலும் என்னுடையதுதான். அதை யார்மேல் போடுவது?

மறுநாள் மாமா முறை. "அந்தப் புள்ள போனக் கையில வெச்சுட்டு அழுவுற மாதிரி வரை சாமி. பாக்கறவன் பதறோணும்," என்றார். பாடுபட்டு வரைந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பூதத்தின் சாயல் வரவில்லை. கூட்டம் சிரிக்காமல் பார்த்தது. மாமா என் தோளைத் தட்டினார். ஓரமாக நின்ற அப்பா, என் காதருகே குனிந்து, "நாளைக்கு நம்ம படத்துலயும் அந்தப் புள்ளைய வரைஞ்சிரு. இதவிடப் பெருசா," என்றார். அடுத்த பரோட்டாவும் உறுதியானதில் எனக்குச் சந்தோஷம்.

கூட்டம் கலைந்த பிறகு, மறுபடி ஏதாவது அழைப்பு வந்ததா என்று கேட்க அக்கா வந்தார். வரவில்லை. அப்புறமும் அவருக்கு அந்த அழைப்பு வரவேயில்லை. பலகையின் முன்னால் வந்து படத்தைப் பார்த்தார்.

"இது நானோ, தம்பி?"

"ஆமாங்க்கா."

"வடிவாக் கீறியிருக்கிறீர்."

பாராட்டில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "கண்ணீரு பத்துலீனு மாமா சொன்னாருங்க. இன்னும் ரெண்டு சொட்டு போடட்டுங்களா?" என்று கேட்டேன்.

அவர் என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார். எப்படி விழும் என்று அவரே வரைந்து காட்டப்போகிறார் என நினைத்து நகர்ந்து இடம் விட்டேன். அவர் வரையவில்லை. சாக்பீஸைக் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டு, முகாம் இருக்கும் பக்கமாக நடந்தார். மறந்துபோய் எடுத்துச் செல்கிறார் என்று நினைத்தேன். "அக்கா, சாக்பீஸு! சாக்பீஸு!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.