சமாதிக்குப் போகாத மிசாவோ

வானொலியில் வானிலை சொல்பவரோடு சண்டை போட்டபடிதான் மிசாவோ கடற்பாசியைக் காயப்போடுவார். ஆள் உயரத்தைத் தாண்டும் இலைகளைக் கூழாங்கற்களின் மேல் ஒவ்வொன்றாக நீட்டுவார். "வெயிலாம்! உன் வாயிலயே காயப்போடுறேன், வா!" வயது எழுபத்தொன்று. வீட்டில் பேச்சுக்கு வேறு ஆள் இல்லை.

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் கரையில் வாழும் ஐனு பழங்குடிப் பெண். பத்தொன்பது வயதில் இறந்த அவருடைய பெரியப்பா உமேகிச்சி, பல்கலைக்கழகத்தின் பெட்டியொன்றில் வெறும் எண்ணாகக் கிடக்கிறார். மண்டையோட்டை அளந்து இனங்களின் உயர்வு தாழ்வைக் கண்டுபிடிக்கக் கிளம்பிய மேதைகள், மிசாவோவின் ஊரான ஒசர்நையின் இடுகாட்டைத் தோண்டி அவரையும் இன்னும் பதினொரு பேரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆராய்ச்சியாம்! கேட்காமல் எடுப்பதற்கு வேறு பெயர் உண்டு.

"அண்ணன மண்ணுக்குக் கூட்டிட்டு வந்துடு" என்பது மிசாவோவின் அப்பா கடைசியாகச் சொன்ன வார்த்தை.

எலும்புகளைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டவர்கள் நால்வர். மூவர் இறந்துவிட்டார்கள். நீதிமன்றத்தின் நீண்ட பெஞ்சில் இப்போது மிசாவோ மட்டும் உட்காருகிறார். பக்கத்துக் காலியிடத்தில் தன் பையைக்கூட வைப்பதில்லை.

போன விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "உங்க பெரியப்பா சமாதிக்குக் கடைசியா எப்பப் போனீங்க?"

"ஒரு நாளும் போனதில்லீங்க."

சமாதியைப் பேணியவர்தான் வாரிசு என்று வாதிட்ட அந்த வக்கீலுக்கு இது போதுமானதாக இருந்தது. ஐனு மக்களோ புதைத்தபின் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். வீட்டு நெருப்பின் வழியாகத்தான் இறந்தவர்களுக்கு உணவு போகும்.

"ஒரு தடவ போனேன்னு சொல்லித் தொலைச்சா என்னக்கா? உன் நாக்கு என்ன அழுகியா போகும்?" என்று திட்டினார் பக்கத்து வீட்டு மீனவர் சடாவோ.

"செத்தவங்க தூக்கத்தக் கெடுக்காதவ வாரிசு இல்ல, தோண்டி எடுத்தவன் வாரிசாடா?"

நேற்று பல்கலைக்கழகத்திலிருந்து சமரசப் படிவம் வந்தது. தானே ஒரே வாரிசு என்று மிசாவோ எழுதிக் கொடுத்தால் உமேகிச்சியைத் தருவார்கள். பெயர் தெரியாத பதினொருவரும் அங்கேயே இருப்பார்கள்.

"முத்திரையப் போட்டுக் குடுத்துரு, அக்கா. உன் ஆளாவது வந்து சேரட்டும்" என்றார் சடாவோ.

"அப்ப அந்தப் பதினோரு பேரும் யாரோட ஆளு?"

சடாவோ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

படிவத்தில் வாரிசின் பெயருக்கு ஒரு வரிதான் இடம். வேறு எதை எழுதினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது மிசாவோவுக்குத் தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'ஒசர்நை' என்று ஊரின் பெயரை நிதானமாக எழுதினார். பிறகு, கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் தன் பெயர் முத்திரையை வாயருகே கொண்டுபோய் ஊதி, மையில் தொட்டு, அந்தப் பெயரின் பக்கத்தில் இரண்டு கையாலும் அழுத்தினார்.