பூஜை அலமாரியில் ரைசோபியம்

பீன்ஸ் விதையில் கலக்க ரைசோபியம் பாக்கெட் வாங்கி வந்தேன். காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்து வேருக்குக் கொடுக்கும் நுண்ணுயிர் அது. உயிருள்ளதைப் பூச்சிமருந்துக்குப் பக்கத்தில் வைப்பதா என்று நானும் மனைவியும் யோசித்து, பூஜை அலமாரியில் விளக்கை ஒட்டி வைத்தோம். விதைக்கும் வரை இரண்டு வேளையும் அதற்கும் சேர்த்தே தீபாராதனை நடந்தது.

அந்த நம்பிக்கையில் யூரியா வாங்கவில்லை. செடி முளைத்து மஞ்சளாகவே நின்றது. பிடுங்கிப் பார்த்தால், அந்த நுண்ணுயிர் குடியிருக்கும் முடிச்சு வேரில் ஒன்றுகூட இல்லை.

"விளக்குச் சூட்டுல அது எப்படிங்க பொழைக்கும்? குளிர்ச்சியா வெக்கணும்" என்றார் பாகலூர் உரக்கடைக்காரர்.

"ஏன் மாப்ளே, சாமி காப்பாத்தலையா?" என்று மனைவியின் அண்ணன் சிரித்தார்.

மனைவி விடவில்லை. "நாங்க வேக வெச்சதுக்கு சாமி என்னண்ணா பண்ணும்?"

வேறு பாக்கெட் வாங்கி, அன்றே தொழுவுரத்தில் கலந்து செடியடியில் போட்டுத் தண்ணீர் விட்டோம். சில வாரத்தில் இலை பச்சை கட்டியது. ஒரு செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளினேன். உள்ளே சிவப்பாக இருந்தது. அப்படியிருந்தால் வேலை நடக்கிறது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன்.