பள்ளத்து வீட்டுக் காற்று

"கடல் காற்று" என்று யாராவது வாயெடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு வருகிறவர்கள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் நின்று நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, "ஆஹா, என்ன சுத்தம்!" என்பார்கள். ஜெட்டியில் நின்றால் சுத்தம்தான். நான் குடியிருந்தது ஜெட்டியில் இல்லை. டெய்ரி ஃபார்ம் என்கிற ஏரியாவில், சாக்கடைத் தண்ணீர் ஓடும் நாலாவுக்குப் பக்கத்தில், மூன்று பக்கமும் மேடு சூழ்ந்த ஒரு பள்ளத்தில். கல்யாணமாகித் தூத்துக்குடியிலிருந்து வந்த நாள் முதல் அந்த வீடுதான். எனக்கு வீசிங் வந்ததும் அந்த வீட்டில்தான்.

மே கடைசியில் தென்மேற்குக் காற்று மழையோடு இறங்கும். அப்போது வெளியே காற்று நல்லதுதான். ஆனால் ஜன்னலைத் திறந்தால் சாரல் கட்டில் வரை வரும். எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே கிடப்போம். துணி காயாது. சுவர், தலையணை, பீரோவுக்குள் இருக்கும் பட்டுப்புடவை, ஜெபப் புத்தகத்தின் அட்டை, எதைத் தொட்டாலும் பூசணம். துடைக்கத் துடைக்க எனக்கு இழுக்கும்.

டிசம்பர் தாண்டி மழை ஓய்ந்தால் நிம்மதி என்று நினைப்பீர்கள். அதுதான் இன்னும் மோசம். காய்ந்த இலை, பிளாஸ்டிக், அட்டைப்பெட்டி என்று எல்லாவற்றையும் கூட்டி மேட்டு வீட்டுக்காரர்கள் காலையிலேயே கொளுத்துவார்கள். கரண்ட் போனால் கடைகளின் ஜெனரேட்டர் வேறு. அந்த மாதங்களில் விடிகாலைக் காற்று அசையாது. புகை மேலே போகாமல் சரிவில் இறங்கி எங்கள் பள்ளத்தில் வந்து உட்காரும். வெயில் ஏறிக் கடற்காற்று எழும்பும்வரை நகராது. சண்டைக்குப் போனால் மேட்டு வீட்டு பெங்காலி அம்மா, "ஹவா நஹி சல்தா, ஹம் க்யா கரேகா தீதி?" என்று, காற்று அடிக்காததன் மேல் பழியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

என் வீட்டுக்காரருக்குத் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை. தெற்குக் கோடியில் இருக்கும் கேம்பல் பே வரை போய் வருவார். நல்ல காற்றை வயிறு முட்டக் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போகிற மனிதர்.

"ஏளா, சுத்தி இம்புட்டுக் கடல் கெடக்கு, ஒனக்கு மட்டும் காத்து பத்தலையாக்கும்?" என்பார்.

மேட்டில், வெயில் படுகிற வீடாகப் பார்த்துப் போங்கள் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். "அவருக்கென்ன, சொல்லிட்டுப் போவாரு" என்றார். நான் மூச்சுக்கு அடிக்கும் பம்பை எடுத்து வாயில் வைத்தால், நாலு பேர் இருக்கும்போது அதை எடுக்காதே என்பார். தூத்துக்குடியிலிருந்து நாத்தனார் போனில் தன் பங்குக்குச் சொல்வாள்: "ஒங்களுக்கென்ன மதினி, கடல் காத்து. நாங்கதான் இங்க பேக்டரிப் புகையத் தின்னுட்டுக் கெடக்கோம். மனசுல எதையாவது போட்டு ஒழப்பிக்கிட்டா இப்பிடித்தான் இழுக்கும்."

நான் செத்தால்தான் இவர்கள் நம்புவார்கள் என்று நினைத்திருக்கிறேன். சும்மா கோபத்தில் இல்லை, நிஜமாகவே.

பிறகு ஒரு பிப்ரவரியில் கப்பலை ரிப்பேருக்கு டாக்கில் ஏற்றினார்கள். அந்தப் பருவத்தில் அவர் தொடர்ந்து வீட்டில் இருந்தது அதுதான் முதல் தடவை. பகலில் டாக்குக்குப் போய் வருவார், படுக்கை வீட்டில். முதல் வாரம் வாசலில் உட்கார்ந்து டீ குடித்தார். அடுத்த வாரம் தொண்டை கமறியது. அப்புறம் விடியும்போதே எழுந்து உட்கார்ந்து இரும ஆரம்பித்தார்.

"ஏளா, சன்னலச் சாத்து! என்ன எழவுப் புகை இது, எங்கேருந்து வருது?"

சாத்தினேன். ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "வீடு மாத்தணும்ளா. டாக்டரே சொல்லிட்டாரு."

அதே டாக்டர்தான். அதே பேச்சுதான். நான் இருமினால் அது என் மனசு, அவர் இருமினால் ஊர்க் காற்று. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது.

ஈஸ்டருக்குள் மேட்டில் வீடு கிடைத்தது. இரண்டு பக்கமும் ஜன்னல். கேட்கிறவர்களிடமெல்லாம், "எனக்கு அந்தப் பள்ளம் ஒத்துக்கல" என்று சொன்னார். சில வாரத்தில் பம்பை எங்கே வைத்தேன் என்று நான் தேட வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணனுக்கு மூச்சுத் திணறலாமே மதினி. கூடவே இருக்கீங்க, நீங்க கொஞ்சம் பாத்துக்கிடக் கூடாதா?"

அத்தனை வருடம் அடக்கிவைத்ததையெல்லாம் ஆரம்பித்தேன். சத்தமாக, கோவையாக, நடுவில் ஒரு தடவைகூட மூச்சு வாங்காமல். அவள் பாதியிலேயே போனை வைத்துவிட்டாள். நான் நிறுத்தவில்லை. சோபாவில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மீதியைச் சொன்னேன்.