வாசலில் நுழையாத மேசை

வெள்ளிமலைப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஜீப் ஓட்டுநர் சன்னலருகே வந்து நின்றார். "டீச்சர், உங்க அண்ணி தவறிட்டாங்க" என்றார். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது தெரியும். ஆனாலும் தனலட்சுமி அண்ணி அதையும் திட்டியே விரட்டிவிடுவார் என்று நம்பியிருந்தேன்.

எங்கள் ஊரான வடக்கனந்தலில் அவரை அறிந்த நீங்கள் எல்லோரும், சாவு வீட்டில் அவருடைய சிரித்த முகத்தைப் பற்றிப் பேசினீர்கள். என் நினைவில் நிற்பது அவருடைய வன்மம்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டதாக அண்ணனைச் சிறையில் வைத்தார்கள். கள்ளக்குறிச்சியில் பெரியப்பாவின் தச்சுப் பட்டறையில்தான் அண்ணனுக்கு வேலை. ஜாமீன் கையெழுத்து கேட்டு அண்ணி போய் நின்றபோது, பெரியப்பா வேலையாட்கள் முன்னால் சிரித்தார். "ஜெயிலுக்குப் போனவனுக்கு இங்க எடம் இல்ல. நீ உங்க அப்பன் வூட்டுக்குக் கெளம்பு."

அண்ணி திரும்பி வந்து ஒன்றுதான் சொன்னார். "அந்த வாசல்ல உங்க அண்ணன் இனிமே கால் வெக்கக்கூடாது. வா, அவரு வேல செய்ய வூட்லயே தச்சு மேஜ செய்யலாம்."

மூங்கில்துறைப்பட்டு ஆலைப் பக்கம் உடைந்து கிடந்த கரும்பு வண்டியின் ஏர்க்கால் மரங்கள் மேசைக்குக் கால்களாயின. பெரியப்பா விறகாக விற்ற துண்டுப் பலகைகளைச் சேர்த்து மேற்பலகை. கீழே குறுக்குச் சட்டங்கள் அடித்து, ஆடாமல் இருக்க அவற்றின்மேல் ஆட்டுக்கல்லை ஏற்றினோம். ரம்பத்தின் மறுமுனை என் கையில். "ஏன்டி பி.ஏ., இழுக்கறியா, தூங்கிக்கினு இருக்கியா?" என்று பி.ஏ. படித்த என்னை அண்ணி அதட்டுவார்.

கயிற்றால் வாசலை அளந்துவிட்டு, மேசையின் அகலம், உயரம் இரண்டையும் வாசலின் அகலத்தைவிடக் கூடுதலாக வைத்தார். "அண்ணி, இது வெளிய போவாதே" என்றேன்.

"போவக்கூடாது. உங்க பெரியப்பன் தூக்கிக்கினு போவ வருவாரு, பாரு."

வந்தார். "இது என் பட்டற மரம்" என்று இரண்டு ஆட்களை உள்ளே விட்டார். நிமிர்த்தினார்கள், சாய்த்தார்கள், திருப்பினார்கள். ஒவ்வொரு முறையும் நிலையில் இடித்தது. தெருவே கூடிவிட்டது.

"செவுத்த இடிச்சிக்கிங்க மாமா" என்றார் அண்ணி. "உங்க தம்பி கட்டின செவுருதான்."

அறுக்கச் சொன்னார் பெரியப்பா. "அறுத்தா வெறகுதாங்க மொதலாளி" என்றான் ஒருவன். தெரு சிரித்த சிரிப்பில் அவர் செருப்பைத் தேடாமலே போனார்.

அண்ணன் விடுதலையாகி வந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் பதித்து, ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தார். பிறகு பெரியப்பாவின் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "உங்க பெரியப்பன் ஆளுக்குச் சக்கர ஜாஸ்தி போட்டு டீ குடு" என்று அண்ணி அடுப்படிக்குக் குரல் கொடுப்பார். கடைசியில் அந்தப் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. அன்று அண்ணி பாயசம் வைத்தார்.

சாவுக்கு எல்லோரையும்விடப் பெரிய மாலையோடு வந்தவர் பெரியப்பா. "போனவ மேல எனக்கு இன்னா கோவம்? நீயும் மறந்துடும்மா" என்றார். அவரிடம் அதுவரை நான் நிமிர்ந்து பேசியதில்லை.

"அண்ணி மறக்கல பெரியப்பா" என்றேன். மாலையை அவர் கையோடு திருப்பி அனுப்பினேன்.

அண்ணன் பெரியப்பாவை மன்னித்துவிட்டாராம். அண்ணியின் சேலைகளை உறவுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், கொலுசு அண்ணன் மகளுக்கு. அண்ணியின் கோபம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அதை நான் வைத்துக்கொண்டேன்.